பீரோ மேல பழுக்குமா ஒயின்?

பேராண்டி, குந்து இப்பிடி. செல்லை ஜோபில போடு. மாடி ரூமுல, பீரோ மேல, பட்டுப்புடவைப் பொட்டி பக்கத்துல ஒரு பாட்டிலை நிக்க வச்சி, அதுக்கு ஒரு துண்டையும் போத்தி வச்சிருக்கியே, அத்தப் பத்திப் பேசணும். உம் பொண்டாட்டி சொன்னா. பாப்பா பொறந்த வருஷம், 2014ல, ஆபீஸ் வேலையா பிரான்சுக்குப் போனப்போ வாங்கியாந்த போர்தோ ஒயினாம். 2010ஆம் வருஷத்துத் திராட்சையாம். பாப்பா கல்யாணத்தன்னிக்கித் தொறப்பியாம். பழசாவப் பழசாவ அமிர்தமாயிடுமாம். நல்ல யோசனைதான். பொண்ணு கல்யாணத்துக்கு நகை சேக்கறவனப் பாத்திருக்கேன், வெண்கலப் பாத்திரம் சேக்கறவனப் பாத்திருக்கேன். காடி சேக்கறவன நெமிலிச்சேரியில மொத மொதல்ல உன்னத்தான் பாக்கறேன்.

சிரிக்காத. "தாத்தாவுக்குக் கள்ளு தெரியும், சாராயம் தெரியும், ஒயினைப் பத்தி இன்னா தெரியும்"னு உம் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குது. ஏரிக்கரையில மாடு ஓட்டிகினு இருந்த ஆளுதான், இல்லங்கல. ஆனா அப்பால வருஷக்கணக்கா ரயிலேறி சென்ட்ரல்ல எறங்கி, மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய ஓட்டல்ல வேலை பாத்தேனே, அங்க எனக்கு இன்னா வேலைன்னு ஒருநாளாச்சும் கேட்டியா? உங்க ஆயாகிட்ட "ஸ்டோரு"ன்னு சொன்னேன். அவ அரிசி பருப்பு ஸ்டோருன்னு எடுத்துகினா. நானும் திருத்தல. அது பாட்டில் ஸ்டோரு. 1974ல மதுவிலக்கு திரும்பி வந்தப்போ ஊர்ல கடையெல்லாம் மூடிட்டாங்க. ஓட்டல்ல பர்மிட்டு காட்டற ஆளுக்கு மட்டும் ஊத்தலாம். 1981ல எம்.ஜி.ஆர். கடையைத் தொறந்து வுடற வரைக்கும் ஊரே நாக்கு வறண்டு கெடந்துது. சாவிக்கொத்து என் இடுப்புல. அந்தக் காலத்துல மட்டும் நான் ஏன் தெனமும் சிரிச்ச மொகமா வீட்டுக்கு வந்தேன்னு உங்க ஆயாவுக்கு இன்னிக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

அந்த ஸ்டோருக்குப் பெரிய தலை ஒரு பாண்டிச்சேரிக்காரரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கிகினு இருந்த சொல்தா. மனுசன் பேச்சே கம்மி. கிளாஸ்ல ஒரு விரக்கடை ஊத்திக் குடுத்து, "குடிக்காத, மோந்து பாரு"ம்பாரு. மோந்து பாத்துட்டு "சாராய வாடை"ன்னேன். கிளாஸைப் பிடுங்கிகினு போயிட்டாரு. மறுபடி எப்பக் குடுத்தாருன்னா, நான் அதுல நாவப்பழ வாசனை வருதுன்னு சொன்ன பொறவு. வெள்ளைக்காரன் அத்த "காசிஸ்"னு ஒரு பழத்து பேரைச் சொல்லுவான். அந்தப் பழம் நம்ம ஊர்ல இல்ல. "நாவப்பழம்னே வச்சிக்கோ, தப்பில்ல"ன்னு சொல்தாவே சொல்லிட்டாரு.

நீ நெனச்சிகினு இருக்கறது, வருஷம் ஏற ஏற ஒயினுக்குள்ள புதுசா ஏதோ வந்து சேருதுன்னு. போறதுதான்டா ஜாஸ்தி. கலரு போவும், பழவாசனை போவும், துவர்ப்பு போவும். அதெல்லாம் எழுந்து போன எடத்துல இன்னா வந்து குந்துதுங்கறதுதான் சங்கதி. காலியான எடத்துல ஒண்ணுமே வந்து குந்தலைன்னா, உங்கிட்ட இருக்கறது பழைய ஒயின் இல்ல, செத்த ஒயின்.

புதுசுல அது எப்பிடி இருக்கும்னு சொல்றேன். போர்தோவுல மெதோக் பக்கம் கேபர்னே சாவின்யோன்னு ஒரு திராட்சை. சின்னச் சின்னப் பழம், கெட்டித் தோலு, சதையைப் பாத்தா கொட்டை பெருசு. அந்தத் தோலும் கொட்டையும்தான் துவர்ப்பைக் குடுக்குது. கூடவே மெர்லோன்னு ஒண்ணைச் சேத்துக் கொஞ்சம் சாந்தப்படுத்துவாங்க. புது ஒயினைக் கிளாஸ்ல ஊத்தினா கத்திரிப்பூ ஓரம் கட்டின கருஞ்செவப்பு, வேட்டியில பட்டா போவாது. மோந்தா நாவப்பழம், பென்சில் சீவின தூளு, சில வருஷத்து ஒயின்ல பச்சைக் குடமொளகா. ஓக் மரப் பீப்பாயில கெடந்ததால கிராம்பும் வெண்ணிலாவும் மேல நிக்கும். வாயில வச்சா மொதல்ல புளிப்பு வந்து எச்சில் ஊறும், அடுத்த நிமிஷமே துவர்ப்பு வந்து அந்த எச்சிலை உறிஞ்சிகினு போயிடும். எச்சில்ல வழவழன்னு ஒரு சத்து இருக்குதே, அத்தத் துவர்ப்பு புடிச்சிக் கட்டிப்புடுது. அதனாலதான் ஈறு வறண்டு நாக்கு மேல ஒட்டிக்குது. அந்த வயசுல அத்தக் குடிக்கறவன் ஒண்ணு பணக்காரன், இல்லன்னா அவசரக்காரன்.

அப்பால பாட்டிலுக்குள்ள இருட்டுல நடக்குது வேலை. சின்னச் சின்னத் துவர்ப்புத் துணுக்கு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும், கலரோடயும் கோத்துக்கும். சங்கிலி நீளமாவும். ரொம்ப நீளமாயிட்டா கனம் தாங்காம அடியில எறங்கிடும். பழைய பாட்டில்ல அடியில வண்டல் தங்கறது அதனாலதான். வண்டலைப் பாத்துட்டு "கெட்டுப் போச்சி"ன்னு திருப்பி அனுப்பின கோட்டு சூட்டுக்காரனை எல்லாம் நான் பாத்திருக்கேன். அவன் திருப்பின பாட்டில் எங்க போச்சின்னு நீ கேக்காத, நானும் சொல்லல.

நடுவுல சில வருஷம் அது ஊமையாயிடும். பழமும் இல்ல, பழசும் இல்ல. மோந்தா ஒண்ணும் வராது, வாயில வெறுங்கட்டை. அந்த நேரத்துல தொறந்தவன் "இதுக்கா இத்தினி காசு"ன்னு கடைக்காரனைத் திட்டுவான். நல்ல போர்தோ எல்லாமே ஒருதடவை இந்தப் பள்ளத்துல எறங்கி ஏறும்னு சொல்தா சொல்லுவாரு.

ஏறி வந்த பொறவு பாரு. செவப்பு செங்கல் கலருக்கு வந்திருக்கும், கிளாஸைச் சாய்ச்சி வெள்ளை வேட்டிக்கு எதிர்ல புடிச்சா ஓரம் மட்டும் ஆரஞ்சு. நாவப்பழம் இருக்கும், ஆனா காஞ்ச பழமா, தூரத்துல இருக்கும். அதுக்கு முன்னால வேற ஒரு கும்பல் வந்து நிக்கும்: சுருட்டுப் பொட்டி, புதுத் தோலு, காஞ்ச எலைச்சருகு, மழை வுட்டப்பறம் தோப்புல எழும்பற மண்ணு, காளான், உலர்ந்த அத்தி. வாயில வச்சா எது புளிப்பு, எது துவர்ப்புன்னு பிரிச்சி எடுக்க முடியாது. தொண்டையில எறங்கின பொறவும் வாசனை மூக்குக்குப் பின்னால நின்னுகினே இருக்கும். சொல்தா முழுங்கிட்டு மனசுக்குள்ள எண்ணுவாரு. எவ்ளோ நேரம் நிக்குதோ அவ்ளோ ஒசத்தி.

உனக்குப் புரியற பாஷையில சொல்லணும்னா உங்க ஆயாவோட புளிப்பானையைப் போயிப் பாரு. மாசி பங்குனியில வாங்கற புதுப்புளி செவந்து, சுள்ளுன்னு பல்லைக் கூசும். உப்பு போட்டு அமுக்கி, வாயைக் கட்டி, நெழல்ல வச்சி, ரெண்டு வருஷம் போனா கருத்து, கூர்மை மழுங்கி, கொழம்புக்கு ஒரு கனம் குடுக்கும். அந்தப் பானையை அவ மொட்டை மாடியிலயா வச்சிருக்கா? அடுப்பங்கரை மூலையில, வெளிச்சம் படாத எடத்துல வச்சிருக்கா. பிரான்சுக்குப் போவாதவளுக்கு இது தெரியுது. நீ போயிட்டு வந்து பீரோ மேல வச்சிருக்க.

இப்ப உன் மாடி ரூமுக்கு வருவோம். ஒயின் பழுக்கத் தோதான சூடு 12, 13 டிகிரி. வருஷம் பூரா அதே சூடு, ஏறாம எறங்காம. அதோட இருட்டு, காத்துல கொஞ்சம் ஈரம். நம்ம மெட்ராஸ்ல 2003ஆம் வருஷம் மே 31ஆம் தேதி 45 டிகிரி அடிச்சிது, ஞாபகம் இருக்குதா? நீ அப்ப அரை டிராயர். அதெல்லாம் எப்பவோ ஒரு நாளுன்னு வச்சிகிட்டாலும், கத்திரியில உன் மாடி ரூமு கூரை ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கும். அந்த ரூமுல படுக்க நீயே ஏசி போட்டுக்கற. அந்த ஏசியும் நீ பட்டாபிராம் டைடல் பார்க்குக்கு வேலைக்குக் கெளம்பினதும் அணைஞ்சிடுது, கரண்ட் பில்லு உம் பொண்டாட்டி பாக்கறா இல்ல? ஆகக்கூடி பகல்ல அந்த பாட்டில் வேவுது, ராத்திரி குளுருது, மறுபடி வேவுது.

பத்து டிகிரி ஏறினா ரசாயனம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமா ஓடும்னு நீதான் படிச்சிருப்ப. வேகமா ஓடினா சீக்கிரம் பழுத்துடுமேன்னு கணக்குப் போடுவ. இஞ்சினியர் புத்தி. எல்லாமே ஒரே அளவு வேகமா ஓடாதுடா. பழவாசனை மொதல்ல ஓடிப் போயிடும், வெந்த வாசனை வந்துடும், பழுப்பு ஏறிடும். துவர்ப்புத் துணுக்கு நிதானமா சங்கிலி கோக்கறதுக்குள்ள மத்ததெல்லாம் காலி. அதோட சூட்டுல ஒயின் விரிஞ்சி கார்க்கைத் தள்ளும், கசியும். குளுந்தா சுருங்கி வெளிக்காத்தை உள்ள இழுக்கும். துண்டை எடுத்துட்டுப் பாத்தேன். கழுத்துல பிசுபிசுன்னு இருக்குது. கழுத்து வரைக்கும் நின்ன ஒயின் தோளுக்கு எறங்கிடுச்சி. கார்க்கு மேல இருக்கற தகடு கசிவுல ஒட்டிகினு, சுத்தினா சுத்த மாட்டேங்குது. வெளிவட்டச் சாலையில லாரி போறப்பவும், எக்ஸ்பிரஸ் வண்டி போறப்பவும் பீரோ கண்ணாடி கிடுகிடுங்குதே, அதிர்ச்சியும் ஒயினுக்கு ஆவாதும்பாங்க. வெயிலு செஞ்ச வேலைக்கு முன்னால அது ஒண்ணுமில்ல, வுடு.

காடின்னு மொதல்ல சொன்னது வாய் தவறி வந்த வசவு. நெசமாக் காடியாவறதுக்குக் காத்தும் வேணும், கிருமியும் வேணும். உன்னுது பெரும்பாலும் வெந்த பழக்கூழுத் தண்ணி.

அதுவும் நிக்க வச்சிருக்க. படுக்க வைக்கணும்னு அந்த பிரெஞ்சுக் கடைக்காரன் சொல்லலியா? ஒயின் தொட்டுகினு இருந்தாத்தான் கார்க்கு நனைஞ்சி உப்பி அடைச்சிகினு நிக்கும். நிமுந்து நின்னா வறண்டு சுருங்கிடும். இதுல நீ தனி ஆளு இல்ல, கவலப்படாத. 1985 டிசம்பர்ல லண்டன்ல கிறிஸ்டீஸ் ஏலத்துல ஃபோர்ப்ஸ் குடும்பத்து ஆளு ஒரு பாட்டில் எடுத்தான். 1787ஆம் வருஷத்து லஃபீத், அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் வச்சிருந்ததுன்னு சொல்லி வித்தாங்க. 1,05,000 பவுண்டு! நியூயார்க்குல கண்ணாடிக்குள்ள நிக்க வச்சி லைட்டு போட்டு ஊருக்குக் காட்டினாங்க. லைட்டு சூட்டுல கார்க்கு காஞ்சி, சுருங்கி, டபக்குனு உள்ள வுழுந்துடுச்சி. அப்பறம் பாத்தா, அந்த பாட்டில் ஜெபர்சனோடதுதானாங்கறதே வழக்காயி நாறிப் போச்சி. அதுக்கு உன்னுது பரவாயில்ல, அசல்தான். வெந்த அசல்.

ஒண்ணு சொல்லணும். வெயில்ல வச்சா ஒசத்தியாவற ஒயினும் ஒண்ணு உண்டு. மதேரா. போர்ச்சுகல்காரன் தீவுல போடறது, சாராயச் சத்து சேத்தது. நம்ம கோட்டையில இருந்த கம்பெனித் துரைங்க மொடாமொடாவாக் குடிச்சது அதுதான். கப்பல் அடித்தட்டுல பீப்பாயைப் போட்டு, பூமத்தியரேகை தாண்டி இந்தியா வந்து, ஆடி ஆடி வெந்து திரும்பிப் போனப்போ புறப்பட்டதவிட நல்லா இருந்துதாம். அப்பால இந்தியா போயிட்டு வந்த பீப்பாய்க்குன்னே தனி வெலை வச்சிட்டான். இப்ப கப்பல் செலவு எதுக்குன்னு அந்தத் தீவுலயே தொட்டியில ஊத்தி 45லருந்து 50 டிகிரி வரைக்கும் மூணு மாசம் காய்ச்சறாங்க. நீ மட்டும் மதேரா வாங்கி பீரோ மேல வச்சிருந்தின்னா நான் வாயத் தொறந்திருப்பேனா?

பழசு பழசுங்கறியே, எவ்ளோ பழசு? ரோமாபுரியில கி.மு. 121ஆம் வருஷம் நல்ல வெளைச்சல். அந்த வருஷத்து ஒயினைப் பெருமைக்குன்னே வச்சிகினு இருந்தாங்க. ஏறக்கொறைய 200 வருஷம் கழிச்சி பிளினின்னு ஒருத்தர் எழுதறாரு, அது வத்திப் போயி கரடுமுரடான தேன் பதத்துக்கு வந்துடுச்சின்னு. தண்ணி ஊத்தாம வாயில வைக்க முடியாதாம். இன்னொரு பக்கம், அதே ரோமாபுரி யவனன் கப்பல்ல நம்ம ஊருக்குக் கொண்டாந்தான் பாரு, அரிக்கமேட்டுல 1945ல வீலர் துரை தோண்டினப்போ ஓடு ஓடா கெடைச்சிதே, அந்த ரெண்டு காது ஜாடியில. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடினதைக் கேட்டுப் பாரு. யவனன் கொண்டாந்த சரக்கைப் பொன் கிண்ணத்துல பொண்ணுங்க ஏந்திக் குடுக்க தெனமும் குடிச்சிகினு இருன்னுதான் வாழ்த்தறாரு. பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்து வைன்னு ஒரு எடத்துலயும் சொல்லல. வெவரமான புலவரு.

சரி, கிட்ட வா. உங்க ஆயா காதுல வுழ வேணாம். அந்தத் தடவை நீ ரெண்டு பாட்டில் வாங்கியாந்த. ஒண்ணை என் கையில குடுத்து "தாத்தா, உங்களுக்கு"ன்ன. நான் அத்த இன்னா செஞ்சேன்னு இத்தினி வருஷத்துல நீ கேக்கவே இல்ல. கீழ ஃபிரிட்ஜுல காய்கறித் தட்டுக்கு அடியில, பழைய வேட்டியில சுத்தி, படுக்கப் போட்டேன். முட்டிவலிக்குப் பாண்டிச்சேரி வைத்தியரு குடுத்த தைலம், பெரியவங்க தவிர யாரும் தொடக்கூடாதுன்னு ஆயாகிட்ட சொல்லி வச்சேன். அவளும் அதும் மேல சொரக்கா வச்சா, முருங்கக்கா வச்சா, மாவுப் பாத்திரம் வச்சா. ஃபிரிட்ஜு குளுரு ஒயினுக்கு ஜாஸ்திதான், அடிக்கடி தொறந்து மூடறதும் சரியில்ல. ஆனா உன் பீரோவுக்கு அது சொர்க்கம். 2016 டிசம்பர் 12ல வர்தா புயல் அடிச்சி கரண்டு போயி ஊரே இருட்டாக் கெடந்துதே, பால் கெட்டுது, மாவு பொங்கி வழிஞ்சிது. அது மட்டும் வேட்டிக்குள்ள கம்முனு கெடந்துது. டிசம்பர் குளுரு காப்பாத்திச்சி.

போன மாட்டுப்பொங்கலன்னிக்குத் தொறந்துட்டேன். மூஞ்சிய ஏன் அப்பிடி வச்சிக்கற? எனக்குக் குடுத்ததுதானே? ஓட்டல்ல கூட வேலை பாத்தவன் ஒருத்தன் திருநின்றவூர்ல இருக்கறான், அவன் வந்திருந்தான். முந்தின நாளே பாட்டிலை நிமுத்தி வச்சிட்டேன், வண்டல் அடியில தங்கறதுக்கு. கார்க்கை மெதுவா எடுத்தோம். அடிப்பக்கம் மட்டும் செவப்பு ஏறியிருந்துது, மேல காஞ்சி சுத்தமா இருந்துது. டார்ச் லைட்டைக் கழுத்துக்குக் கீழ புடிச்சிகினு, கண்ணாடி ஜாடியில மெள்ள சாய்ச்சி, வண்டல் கழுத்துக்கு வர்றப்போ நிறுத்திட்டான் அவன். கை நடுங்குது அவனுக்கு, ஆனா ஊத்தறப்ப நடுங்கல.

மொதல்ல மோந்தப்போ பூட்டின ரூமு வாசனை, வேற ஒண்ணும் இல்ல. "போச்சிடா"ன்னான். "இருடா"ன்னேன். கால் மணி நேரம் பொங்கல் கதை பேசினோம். அப்பறம் எடுத்தா, அடியில இருந்து காஞ்ச நாவப்பழம் எழுந்து வருது. வாயில வச்சா துவர்ப்பு இன்னும் இருக்குது, ஆனா கடிக்கல, ஓரமா நிக்குது. அரை மணி ஆவறப்போ சருகு வந்துது, ஈர மண்ணு வந்துது. உங்க ஆயா அடுப்பங்கரையில இருந்து எட்டிப் பாத்து, "யாரு இங்க சுருட்டு புடிக்கறது?"ன்னு சத்தம் போட்டா. எங்க ரெண்டு பேருகிட்டயும் நெருப்புப் பொட்டி கூட இல்ல. அவன் என்னப் பாக்கறான், நான் அவனப் பாக்கறேன். சொல்தா உசுரோட இருந்திருந்தா உங்க ஆயாவை அன்னிக்கே ஓட்டல்ல வேலைக்கு எடுத்திருப்பாரு.

ஒரு மணி நேரத்துக்கு மேல ஜாடியில மிஞ்சினது கொஞ்சம் எளப்பமாப் போச்சி. ரொம்பப் பழசைத் தொறந்தா காத்து வேகமா தின்னுடும், அதனால அதுங்களை ஆறப் போடவே கூடாது. இது நடு வயசு, தாங்கிச்சி. என் கணிப்பு, ஃபிரிட்ஜு குளுர்ல அது மெதுவாத்தான் வளந்திருக்குது. ஓரத்துல மட்டும்தான் செங்கல் கலரு. இன்னும் அஞ்சு வருஷம் கெடந்திருக்கலாம். அது கெடக்கும், நான் கெடக்கணுமே.

அப்பிடின்னா எதை வேணா ஃபிரிட்ஜுல போட்டுப் பழுக்க வுடலாமான்னு கேப்ப. ஆவாது. உலகத்துல போடற ஒயின்ல பெரும்பங்கு ரெண்டு மூணு வருஷத்துல குடிக்கறதுக்குத்தான். போறதுக்கு நெறைய இருக்கணும், அப்பத்தான் போயும் மிச்சம் நிக்கும். புளிப்பு இருக்கணும், துவர்ப்பு இருக்கணும், கெட்டியா பழம் இருக்கணும். நம்ம கம்பத்துப் பன்னீர் திராட்சையை எடுத்துக்கோ. 2023ல புவிசார் குறியீடு வாங்கின திராட்சை, வாசனைக்கு அது ராணி. ஆனா துவர்ப்பு கம்மி. அதுல போட்ட ஒயினை வச்சிகினு இருந்தா வாசனை பறந்துடும், அப்பால அங்க ஒண்ணுமில்ல. கிறிஸ்துமசுக்கு அம்பத்தூர், ஆவடி பக்கம் வேதக்கார வூட்டுல பீங்கான் ஜாடியில சக்கரை, ஈஸ்ட்டு, கிராம்பு எல்லாம் போட்டுத் திராட்சை ரசம் போடுவாங்களே, அத்தக் கேக்கு தீர்றதுக்குள்ள குடிச்சிடணும். அதுல ஒரு கொறையும் இல்ல. பழுக்காதுன்னு தெரிஞ்சே போடறாங்க, அந்தத் தெளிவு உனக்கு வரணும்.

பேரு பெத்த ஊருதான் தாங்கும்ங்கறதும் இல்ல. 1976ல பாரீஸ்ல ஒரு போட்டி. பேரு தெரியாம ஊத்திக் குடுத்தப்போ பிரெஞ்சு நடுவருங்க கலிஃபோர்னியா ஒயினுக்கு மொத எடம் போட்டுட்டாங்க. போட்டது தெரிஞ்சதும், "இப்ப நல்லா இருக்கும், பழசானா நிக்காது, எங்களுது நிக்கும்"னு பேச்சு கெளம்பிச்சி. 30 வருஷம் கழிச்சி, 2006ல, அதே செவப்பு ஒயினுங்களையே மறுபடி தொறந்தாங்க. மொத அஞ்சும் கலிஃபோர்னியா. ரிட்ஜ் கம்பெனியோட 1971ஆம் வருஷத்து மான்டே பெல்லோதான் தலைமாட்டுல. அதுங்க எல்லாம் குளுந்த நெலவறையில படுத்துக் கெடந்துதுங்க, ஞாபகம் வச்சிக்கோ.

பாப்பா கல்யாணத்துக்குன்னு ஆசையா இருந்தா வழி சொல்றேன். அதுக்குன்னே 12 டிகிரி ஃபிரிட்ஜு விக்கறான், வாங்கு. ஒத்தை பாட்டில் வாங்காத, ஆறு வாங்கு. ஒத்தை பாட்டில்காரனுக்கு எப்பவும் ஒண்ணு சீக்கிரம், இல்லன்னா லேட்டு. ஆறு இருந்தா மூணு நாலு வருஷத்துக்கு ஒண்ணுன்னு தொறந்து, இப்ப எந்தப் படியில நிக்குதுன்னு பாத்துகினே போலாம். அந்தச் சோதனைக்கு ஆளு வேணும்னா நான் கீழ் வூட்டுலதான் இருக்கறேன். காசு கையில சேரலைன்னா சும்மா இரு. கல்யாணம் முடிவானப்போ ஒழுங்கா வச்சிருந்த வியாபாரிகிட்ட பழசா வாங்கிக்கலாம். அவன் வச்சிருந்த கூலியைக் குடுத்தாப் போதும். அந்தப் பொண்ணு அஞ்சாங்கிளாஸ் தாண்டியே இப்பத்தான் ஆவுது, அவ மாப்பிளையைப் பாக்கறதுக்குள்ள நீ இன்னும் எத்தினி பீரோ மாத்துவியோ.

இப்ப மேல இருக்கறத்தைக் கீழ எடுத்தா. தொறந்து நானும் நீயும் ஆளுக்கு ஒரு வாய் பாப்போம். வெந்தது எப்பிடி இருக்கும்னு உன் நாக்குக்குத் தெரியணும், அதுவும் ஒரு படிப்புதான். மிச்சத்தை ஆயாகிட்ட குடுத்தா ஆட்டுக்கறியை ஊற வச்சிடுவா. இன்னான்னு கேட்டா தைலம்னு சொல்லாத, அந்தப் பேரு ஏற்கெனவே செலவாயிடுச்சி.

அதுக்கு பதிலா வர்ற ஞாயித்துக்கெழமைக்கி நம்ம நாட்டுச் சரக்கு ஒண்ணு வாங்கியா. நந்தி மலை குரோவர்காரனோட லா ரிசர்வ் இருக்குது, சோலாப்பூர் பக்கம் ஃபிராட்டெல்லியோட செட்டே இருக்குது. எலைட் கடையில கேட்டுப் பாரு. கடைக்காரன் வெயில்ல அடுக்கியிருந்தான்னா வாங்காம திரும்பிடு. ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு லேபிள்ல போட்டிருக்கும், அந்த ரூமு பாரீஸ்ல இருக்குதுடா, நெமிலிச்சேரியில இல்ல. முன்னாடியே ஃபிரிட்ஜுல போட்டு எடு, 17, 18 டிகிரிக்கு வந்தாப் போதும். கிளாஸ்ல கால்வாசிதான் ஊத்தணும், விளிம்பு வரைக்கும் ஊத்தறதுக்கு இது கரும்புச்சாறு இல்ல. திருநின்றவூர்க்காரனுக்கு நான் போன் போட்டு வுடறேன். கறி வறுவல்ல மொளகாயைக் கொறைக்கச் சொல்லி ஆயாகிட்ட நீ சொல்லு, நான் சொன்னா ஏன்னு கேப்பா. உங்கப்பன் மோப்பம் புடிச்சிகினு மேல வருவான். அவனுக்கு கேன்டீன் ரம்மு அலமாரியில இருக்குது, அத்தக் காட்டி அங்கயே குந்த வை. இதுல சோடா ஊத்தலாமான்னு கேட்டாலும் கேப்பான்.